மருந்துக்கு முன்னால் ஒரு துண்டு

லேபுக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் கொஞ்சம் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். திசுவை எப்படி வெட்டுவது, எந்தச் சாயத்தை எவ்வளவு நேரம் வைப்பது என்பதிலெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த கருவிகளை நீங்கள்தான் எனக்குக் காட்டித்தர வேண்டும். அதனால் ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். எத்தனையோ பேருடைய திசுவைப் பார்த்திருக்கிறேன். இவரை நினைத்தால் மட்டும் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது.

நான் தைரியசாலி இல்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, அதே ஸ்லைடை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த நாட்கள் நிறைய உண்டு. உங்களில் சிலருக்கும் அந்தச் சுபாவம் இருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

தூத்துக்குடிக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் சென்னையில் ஒரு ஆராய்ச்சிப் பிரிவில் லிம்போமாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நிணநீர் செல்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கு அது பொதுப்பெயர். உள்ளே போனால் அது ஒரு நோய் அல்ல, ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். ஒருவருக்குக் கேட்கும் மருந்து அடுத்தவருக்குக் கேட்காது. நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. பயாப்சி எடுத்தும் ஏன் சிலருடைய நோய்க்குப் பெயர் சொல்ல முடியவில்லை? பார்க்கப் பார்க்க ஒரு காரணம் திரும்பத் திரும்ப வந்தது. மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு அவசரத்தில் யாரோ ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். கட்டி சட்டென்று சுருங்கியிருக்கும். அதன் பிறகு எடுத்த துண்டில் செத்துப்போன செல்களின் நிழல்தான் இருக்கும். பெயர் தெரியாமல் கரைந்த கட்டி, பெயர் தெரியாமலே திரும்பி வரும். அப்படிப்பட்ட துண்டுகளை மெழுகில் பதித்த பிளாக்குகள் என் அலமாரியில் நிறைய இருந்தன. அவை பிளாக்குகளாக இருந்தவரை என்னால் தாங்க முடிந்தது.

பிறகு சொந்த ஊர்ப் பக்கம் வந்து, தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் நோயியல் பிரிவில் சேர்ந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருக்கும்போது நடந்தது இது.

ஒரு நாள் காலையில் எங்கள் புற்றுநோய் மருத்துவர் முத்துக்குமார் ஸ்கேன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்குள் வந்தார். என்னைவிட மிகவும் இளையவர். எதற்கும் பதறாதவர். அன்று படிக்கட்டில் ஓடி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

“மேடம், சங்கு குளிக்கிற ஆளு. ரொமால்டுன்னு பேரு. நெஞ்சுக்குள்ள பாருங்க.”

பார்த்தேன். இதயத்துக்கு மேலே பெரிய கட்டி. அது நெருக்கியதில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாக நசுங்கிப் பிறை போலக் கிடந்தது.

“ஆளால படுக்க முடியல. மூஞ்சி வீங்கியிருக்கு, கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு நிக்கு. ஸ்டீராய்டு போட்டா மூச்சு சீராயிரும். போட்டுரவா?”

“என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?”

“போட்டுட்டு வந்து சொன்னா நீங்க என்னை உயிரோட விடமாட்டீங்கல்லா. அதான்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இருவரும் வார்டுக்குப் போனோம்.

ரொமால்டுக்கு முப்பதைத் தாண்டிய வயது. தோள்கள் அகன்ற, கட்டான உடம்பு. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் வைத்திருந்த மேஜையின் மேல் இரண்டு தலையணைகளைப் போட்டு அதில் கவிழ்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்தில் அவர் மனைவி ஜெனிட்டா, அவர் முதுகில் கையை வைத்தபடி நின்றாள். சில வாரங்களாகவே இருமல் என்றாள். சங்கு குளிப்பவர்கள் வள்ளத்தில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து ஹோஸ் வழியாக வரும் காற்றைத்தான் கடலுக்கடியில் சுவாசிப்பார்கள். அதில் டீசல் புகை கலந்திருக்கும், அதனால்தான் நெஞ்சு அடைக்கிறது என்று எல்லோரும் சொன்னதை நம்பி இருந்திருக்கிறார்கள்.

மயக்க மருந்து கொடுத்து நெஞ்சுக்குள் போய்த் துண்டு எடுக்க வழியில்லை. மயக்கியதும் மூச்சுக்குழாய் முழுதாக அடைந்துவிடும் என்று மயக்கவியல் மருத்துவர் கையை விரித்துவிட்டார். நான் ரொமால்டின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இடது கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியில் விரலுக்கு ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டது. உட்கார்ந்த நிலையிலேயே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அதை எடுக்கலாம். எடுத்தவுடன் ஸ்டீராய்டு கொடுத்துவிடலாம். ஆனால் ஆபரேஷன் அறையைத் தயார் செய்ய, சர்ஜன் வர, எடுத்து முடிக்க நேரம் ஆகும். அதுவரை அவர் இப்படியே மூச்சு விட வேண்டும்.

இதை ஜெனிட்டாவிடம் சொல்ல வேண்டியவள் நான்தான். தாமதம் கேட்டது நான்.

“மருந்து இருக்கா இல்லையா டாக்டரம்மா?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா.”

“குடுத்தா மூச்சு வருமா?”

“வரும்.”

“அப்பம் என்னத்துக்குக் குடுக்காம நிக்கிய?”

அந்தக் கேள்விக்கு என் ஆராய்ச்சியில் பதில் இருந்தது. ஆனால் திணறிக்கொண்டிருக்கும் ஒரு ஆளின் முன்னால் நின்று அதைச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

“இப்பமே குடுத்தா கட்டி சுருங்கிரும். ஆனா அது எந்தக் கட்டின்னு கண்டுபிடிக்க முடியாமப் போயிரும். இதுல பல வகை இருக்கும்மா. ஒண்ணுக்கு உள்ள மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது. அது திரும்பி வரும்போது என்னத்தைக் குடுக்கன்னு எங்களுக்குத் தெரியாது. அதோட பேரு தெரியணும். அதுக்கு ஒரு சின்னத் துண்டு வேணும்.”

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. ரொமால்டுதான் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்காமலே கையை உயர்த்தினார்.

“எடுங்க” என்றார். ஒரு மூச்சு. “படுக்க மட்டும்…” இன்னொரு மூச்சு. “சொல்லாதீங்க.”

அங்கேயே, அவர்கள் இருவர் காதிலும் விழும்படி, நானும் முத்துக்குமாரும் ஒரு முடிவுக்கு வந்தோம். உதடு நீலம் பாரித்தாலோ, பேச முடியாமல் போனாலோ, ஆக்சிஜன் அளவு முத்துக்குமார் சொன்ன எல்லைக்குக் கீழே இறங்கினாலோ அந்த நொடியே ஊசியைப் போட்டுவிட வேண்டும். என்னைக் கேட்கக் கூடாது. நான் ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் இது முக்கியம். காத்திருக்கலாம் என்று முடிவெடுக்கும்போதே, எப்போது காத்திருப்பதை நிறுத்துவது என்பதையும் முடிவெடுத்துவிடுங்கள். பதற்றம் ஏறிய பிறகு அதை முடிவெடுக்க முடியாது.

ஆபரேஷன் அறைக்குப் பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். எடுத்த கட்டியைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணாடியில் ஒற்றி, அவசரச் சாயம் போட்டுப் பார்ப்பது என் வேலை. நோய்க்குப் பெயர் வைக்க அது போதாது. கிடைத்த துண்டில் நோய் இருக்கிறதா என்று சொல்லப் போதும். நான் ‘போதும்’ என்றதும் ஊசி ஏறும்.

சர்ஜன் முதல் கட்டியை எடுத்துக் கொடுத்தார். ஒற்றிப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் சாதாரண, ஆரோக்கியமான நிணநீர் செல்கள். நடுநடுவே நசுங்கி இழுபட்ட நீல இழைகள். அந்த இழைகள் நோயாகவும் இருக்கலாம், இடுக்கி பிடித்த பிடியில் நசுங்கிய நல்ல செல்களாகவும் இருக்கலாம்.

“கட்டி வந்தாச்சே மேடம், தையல் போட்டுரவா?” என்று சர்ஜன் கதவு வழியாகக் கேட்டார். அவருக்கு நான் தலையாட்டினால் போதும். முத்துக்குமாருக்கும் அதுதான் வேண்டும். உள்ளே உட்கார்ந்திருந்த ரொமால்டுக்கும் அதுதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த இழைகளை நோய் என்றே நினைத்துக்கொள்ள என் மனம் எவ்வளவு பாடுபட்டது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

“போதாது” என்றேன். “இன்னொண்ணு வேணும்.”

“அதுக்கு ஆழமாப் போகணும் மேடம். பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய்.”

“தெரியும். போங்க.”

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஜெனிட்டாவைக் கவுன் மாட்டி உள்ளே விட்டிருந்தார்கள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். சர்ஜன் மறுபடி ஆரம்பித்தார். நான் மைக்ராஸ்கோப்பிடமும் இருக்க முடியாமல், கதவிடமும் இருக்க முடியாமல் நடுவில் நின்றேன். ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியின் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டு வந்தது. அந்த ஓசை தாழ்ந்தால் அளவு இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஜெனிட்டாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

முத்துக்குமார் ஊசியின் மூடியைக் கழற்றிவிட்டார். “மேடம்” என்றார்.

“என்னைக் கேக்க வேண்டாம்னு பேசியிருக்கோம் முத்துக்குமார்.”

அவர் கருவியில் அளவைப் பார்த்தார். இன்னும் எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. இறங்கப் போகிறது. ஊசியை ரத்தக்குழாயில் போட்டிருந்த குழாயின் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அதே சமயத்தில் சர்ஜன் கையை நீட்டினார். அவரைக்கொட்டை அளவு கூட இல்லாத ஒரு துண்டு.

வெட்டி, ஒற்றி, சாயத்தில் முக்கினேன். அவசரத்தில் ஒரு கண்ணாடி தரையில் விழுந்து உடைந்தது. இன்னொன்றில் ஒற்றியிருந்தேன். அதை வைத்து லென்ஸைத் திருப்பினேன். பெரிய பெரிய செல்கள். கோணல்மாணலான உட்கருக்கள். ஆரோக்கியமான எந்த உடம்பிலும் அப்படிக் கூட்டம் கூட்டமாக இருக்க வாய்ப்பில்லாதவை.

“குடுங்க!” என்று கத்தினேன். மருந்து ஏறியது.

அன்றே இன்னொரு சோதனை வந்தது. சென்னையில் என்னோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த நண்பர் ஒருவர் தற்செயலாகப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். ஸ்டீராய்டு படாத இப்படிப்பட்ட கட்டி கிடைப்பது அபூர்வம், ஒரு துணுக்கை உறைய வைத்து அனுப்பினால் நம் வேலைக்குப் பெரிய உதவியாக இருக்கும் என்றார். உண்மைதான். பல வருடமாக நானே தேடியது அது. துண்டைப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு ஓரத்தை எடுத்தாலும், நோய்க்குப் பெயர் வைக்கப் போதாமல் போகலாம். முடியாது என்று சொல்லிவிட்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். முதல் துண்டு நோயாளிக்கு. மிச்சம் இருந்தால்தான் நமக்கு.

மறுநாள் ரொமால்டின் முகம் வற்ற ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் சாய்ந்து படுத்தார். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் முத்துக்குமாருக்கும் மட்டும் கவலை. ஸ்டீராய்டு கட்டியைக் கொஞ்ச நாளைக்குத்தான் அடக்கி வைக்கும். அதற்குள் சரியான மருந்தை ஆரம்பிக்க வேண்டும்.

இளம் ஆண், நெஞ்சுக்குள் கட்டி, வேகமாக வளர்ச்சி. எல்லோர் மனதிலும் ஒரே பெயர்தான் இருந்தது. டி செல் வகை. அதற்குரிய சிகிச்சை நீண்டது, கடுமையானது. நிணநீர் செல்களில் டி என்றும் பி என்றும் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. எது என்று காட்ட வேண்டியது சிறப்புச் சாயம். டி செல்லைப் பழுப்பாகக் காட்டும் ஸ்லைடு முதலில் வந்தது. பழுப்பு நிறம் அள்ளித் தெளித்தது போல இருந்தது. முத்துக்குமாருக்குப் போன் செய்து, “டி வகை மாதிரி இருக்கு, மருந்துக்கு ஏற்பாடு பண்ணுங்க” என்றேன்.

சொன்ன பிறகு வழக்கமான பயம் வந்தது. லிம்போமாவைப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்த பேராசிரியருக்குப் படங்களை அனுப்பிவிட்டுப் பேசினேன். “சார், டி வகை. சாயம் நல்லா பிடிச்சிருக்கு. பாத்துச் சொல்லுங்க.”

“ஆமாம்மா, டி வகைதான். இந்த வயசுல, இந்த இடத்துல, வேற என்ன?” என்றார்.

எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. டீ வரவழைத்துக் குடித்தேன். பாதி டீயில் ஏதோ உறுத்தியது. அவரிடம் நான் கேள்வி கேட்கவே இல்லை. பதிலைச் சொல்லிவிட்டு அதற்கு ஒரு ஆமாம் வாங்கியிருக்கிறேன். அவர் ஆமோதித்தது ஸ்லைடை அல்ல, என் வாக்கியத்தை.

மறுபடி போய் உட்கார்ந்தேன். இந்த முறை பழுப்பு நிறத்தைப் பார்க்கவில்லை. அது யார் மேல் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். சின்னச் சின்னச் செல்கள் பெரிய செல்களை நெருக்கிச் சூழ்ந்து நின்றன. பழுப்பு ஏறியிருந்ததெல்லாம் அந்தச் சின்னவை. கட்டியை எதிர்க்க உடம்பு அனுப்பிய நல்ல செல்கள். நடுவில் இருந்த பெரிய செல்கள், நோயாக இருந்த அந்தச் செல்கள், சாயம் ஒட்டாமல் வெறுமையாக இருந்தன. பல இடங்களில் சின்னவற்றின் விளிம்பு பெரியவற்றின் விளிம்பாகவே தெரிந்தது. உயர்ந்த லென்ஸில், பொறுமையாகப் பார்த்தால்தான் பிரியும்.

முத்துக்குமாரைக் கூப்பிட்டேன். “நாளைக்கு ஆரம்பிக்கப் போற மருந்தை நிறுத்தி வைங்க.”

“மேடம், மத்தியானம் வேற சொன்னீங்களே?”

“மத்தியானம் சொன்னது சரியில்ல. நாளைக்குக் காலையில சொல்லுதேன்.”

“நாளைக்கும் மாறுமா?” கேட்டுவிட்டு அவரே, “சாரி மேடம்” என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

பிளாக்கில் மிச்சம் இருந்தது சொற்பம். பி செல்லுக்கான சாயத்துக்குப் புதிதாகச் சீவல் எடுக்க வேண்டும். சரியாகச் சீவாவிட்டால் அதுவும் போய்விடும். டெக்னீஷியன் சீவி முடிக்கும் வரை நான் அறைக்குள் போகவில்லை. நான் பக்கத்தில் நின்றால் என் பதற்றம் அவரையும் தொற்றும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் ஸ்லைடு வந்தது. பெரிய செல்கள் அத்தனையும் பழுப்பு. நெஞ்சுக்கூட்டில் எழும் பெரிய பி செல் லிம்போமா. வேறு மருந்து. நன்றாகவே கேட்கக்கூடிய மருந்து. பேராசிரியரிடம் சொன்னேன். “நான் படத்தைப் பாக்கலம்மா. நீ சொன்னதைத்தான் பாத்தேன்” என்றார். அப்படிச் சொல்ல ஒரு பெரிய மனுஷத்தனம் வேண்டும். அடுத்தவரிடம் கருத்துக் கேட்கும்போது உங்கள் பதிலை வெளியே காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன்.

ரிப்போர்ட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்தது.

ஜெனிட்டா நர்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “காப்பி வாங்கப் போனேன் டாக்டரம்மா. வந்து பாத்தா ஆளக் காணோம். போனும் போவல்ல.” வள்ளத்துக்காரருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் வீட்டில் எடுத்தவர்கள், ரொமால்டு காலையில் திரேஸ்புரம் கரைக்கு வந்ததாகவும், வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்களாம்.

முத்துக்குமார் வார்டை விட்டு வர முடியாது. ஆட்டோ பிடித்து நானும் ஜெனிட்டாவும் திரேஸ்புரம் போனோம். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களின் நிழலில் சிலர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் பொறுப்பாக இருந்த ஒரு அண்ணாச்சியிடம் விசாரித்தோம்.

“வந்தான் டாக்டரம்மா. மூஞ்சி வத்திப் போயி நல்லாத்தான் இருந்தான். ‘சும்மா கூட வாரேன்’னான். எறங்க மாட்டேன்னுதான் சொன்னான்.” பிறகு ஜெனிட்டாவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “முங்குத கண்ணாடியையும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கான்” என்றார்.

ஜெனிட்டா என் கையைப் பிடித்தாள். “எறங்கிருப்பாவளா டாக்டரம்மா?”

எனக்கு என்ன தெரியும்? கடலுக்கு அடியில் ஹோஸைக் கடித்துக்கொண்டு ஒரு ஆள் இருக்கிறார். மூச்சுக்குழாயை ஒட்டி ஒரு கட்டி பாதி சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு இருமல் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் கொடுக்கச் சொன்ன மருந்துதான் அவரை நடக்க வைத்தது. நடக்க முடிந்ததால்தான் கடலுக்குப் போனார். அவரை வார்டிலேயே இருக்க வைக்க என்னால் எதுவும் செய்திருக்க முடியுமா என்று எண்ணிக்கொண்டே நின்றேன். வெயில் ஏறியது. ஜெனிட்டா உட்காரவே இல்லை. தூரத்தில் எந்த வள்ளம் தெரிந்தாலும் நிறத்தை வைத்து, “அது இல்ல, அது இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு வள்ளம் வந்தது. ரொமால்டு முன்பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமுடி ஈரமாக இருந்தது. ஜெனிட்டா அப்போதுதான் மணலில் உட்கார்ந்தாள். நானும்தான்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“பேரு தெரிஞ்சிட்டா டாக்டரம்மா?”

“தெரிஞ்சிட்டு தம்பி.”

“நல்ல பேரா, கெட்ட பேரா?”

“கெட்டதுதான். ஆனா மருந்து கேக்குற வகை.” அவர் தலைமுடியைப் பார்த்தேன். “கீழ எறங்குனீங்களா?”

வள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்தான் சொன்னார். “எறங்கினான் டாக்டரம்மா. நாங்க சொல்லச் சொல்லக் கேக்கல்ல. போன வேகத்துலயே மேல தூக்கச் சொல்லி கயித்த இழுத்துட்டான். தூக்கும்போது மூஞ்சி கன்னிப் போயிருந்து.”

“நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்து” என்றார் ரொமால்டு. மணலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எங்க அண்ணனும் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனான். திரும்பி வரும்போது நாலு பேரு தூக்கிட்டு வந்தாவ. அதான், நடக்க முடியும்போதே வெளிய வந்துருவோம்னு வந்துட்டேன்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “தம்பி, இப்பம் நீங்க விடுத மூச்சு உங்க மூச்சு இல்ல. மருந்து குடுத்த மூச்சு. அது எத்தனை நாளைக்கு வரும்னு எனக்குத் தெரியாது.”

“வந்தா பொழச்சிருவேனா?”

“பொழைக்கிறவங்க நெறைய இருக்காங்க. பொழைக்காதவங்களும் இருக்காங்க. நீங்க எதுலன்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. வந்தா முதல் கூட்டத்துல சேர வழி இருக்கு. வராம இருந்தா இல்ல.”

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது அவரை அசைத்ததாகத் தோன்றவில்லை. ஜெனிட்டாதான் அவர் பக்கத்தில் போய், துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டாள். அழவில்லை.

“ஆட்டோ ரோட்டுல நிக்கி. யாரும் ஒங்களைத் தூக்க வேண்டாம். நடந்தே வாங்க” என்றாள். “திரும்பி வரும்போதும் நடந்துதான் வருவிய. நான் கூட்டிட்டு வாரேன்.”

அவர் நடந்தார்.

அன்று மாலையே மருந்து ஆரம்பித்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் முத்துக்குமாரின் வேலை. ஆனால் நான் ஒதுங்கியிருக்கவில்லை. இரண்டாவது சுற்று மருந்துக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கி, கடும் காய்ச்சல் வந்து, தனி அறையில் கிடந்தார். அந்த நாட்களில் முத்துக்குமாரின் பெயர் போனில் வந்தாலே எடுக்கப் பயமாக இருக்கும். பெயரைச் சரியாக வைத்தேனா என்ற சந்தேகம் திரும்ப வந்தது. யாருக்கும் சொல்லாமல் அந்த ஸ்லைடுகளை எடுத்து மறுபடி பார்த்தேன். பெரிய செல்கள் பழுப்பாகத்தான் இருந்தன. காய்ச்சலும் இறங்கியது.

சிகிச்சை முடிந்ததும் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்ன நிழல் மிச்சம். நோய் உயிரோடிருந்தால் அந்த ஸ்கேனில் அது சுடர்விட்டு எரியும். இந்த நிழல் ஏறக்குறைய இருண்டிருந்தது. ஏறக்குறைய. “மறுபடி குத்திப் பாத்துருவமா மேடம்?” என்று முத்துக்குமார் கேட்டார். பார்த்தால் நிச்சயம் தெரியும் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வகை லிம்போமா போன இடத்தில் தழும்பு விட்டுவிட்டுப் போகும். தழும்பில் குத்தி எடுத்தால் என் நிம்மதிக்காக அவர் நெஞ்சைக் கிழித்ததாக ஆகும். வேண்டாம், சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றேன். துண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளே துண்டு வேண்டாம் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டுக்கும் ஒரே அளவு பயம்தான் எனக்கு.

அந்த மாதங்களும் போயின. அடுத்த ஸ்கேனில் நிழல் இன்னும் சுருங்கி, முழுவதும் இருண்டிருந்தது. முத்துக்குமார் அவர்கள் இருவரையும் அறைக்கு அழைத்து விவரம் சொன்னார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். ரொமால்டு கேட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கும்பிட்டுவிட்டு, வண்டியை எடுக்க வெளியே போனார். இப்போது ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கடலுக்குப் போவதில்லை.

ஜெனிட்டா வராந்தாவில் என்னிடம் நின்றாள்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளும்மா.”

“வீட்டுக்கு வந்ததுலேருந்து ராத்திரி அவிய நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டேதான் படுக்கேன், மூச்சு ஓடுதான்னு பாக்க. கண்ணு லேசா அசந்தாலும் திடுக்குன்னு முழிச்சிருவேன்.” கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள். “இனிமே நான் தூங்கலாமா?”

நம் தொழிலில் இதற்கென்று ஜாக்கிரதையான வாக்கியங்கள் உண்டு. நோய் இப்போதைக்குத் தென்படவில்லை, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், இத்தனை காலம் கழிந்தால்தான் குணம் என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவள் கேட்டதற்கு அவற்றில் ஒன்றும் பதில் இல்லை.

“இன்னைக்குத் தூங்கும்மா” என்றேன்.

அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்திருந்த புருஷனின் பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.